டெல்லாவின் வான்கோழி

எங்கள் தொழிலில் ஒரு கேவலமான பழக்கம் உண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் ஒட்டியதையெல்லாம் திருத்துவார்கள். கோணலான கண்ணைப் பிய்த்து நேராக ஒட்டுவார்கள். பெற்றோரும் அதை வாங்கிப்போய் ஃபிரிட்ஜ் கதவில் மாட்டிப் பூரித்துப்போவார்கள். யாரை ஏமாற்றுகிறோம்?

அமெரிக்காவின் டொலீடோ நகரில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் எங்கள் மழலைப் பள்ளியில் லொரெட்டா ஹைடுக் மட்டும் ஒரு இறகைக்கூடத் தொடமாட்டாள். நாலு வயதுக்காரர்களுக்குப் பாடம் எடுப்பவள். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தே முழங்கால் போய்விட்டது. தலைமுடியில் எப்போதும் ஜிகினா. "மூணு கண்ணு வச்சா மூணு கண்ணோட போகட்டும். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று சீறுவாள். அவள் வகுப்பில் உதவியாளாக இருந்த எனக்கும் அந்தத் திட்டு கிடைத்திருக்கிறது.

செப்டம்பரில் சேர்ந்த டெல்லா, வீட்டில் வாயாடியாம். பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டிப்போக வரும் அப்பா கர்ட், "இன்னிக்காவது பேசினாளா?" என்பார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள் வாரத்தில் காகித வான்கோழி செய்தோம். டெல்லா சாய இறகுகளை இரண்டு கையாலும் அள்ளி, வாலுக்கு ஒன்றுகூட வைக்காமல், அத்தனையையும் கழுத்திலும் முகத்திலும் அப்பினாள்.

"என்னடி செல்லம் ஆச்சு இதுக்கு?" என்றாள் லொரெட்டா.

"குளிருதாம்." பள்ளியில் டெல்லா பேசிய முதல் வார்த்தை.

லொரெட்டா உடனே கர்ட்டுக்குப் போன் போட்டாள். "புதன்கிழமை நம்ம ஸ்கூல் விருந்துக்குக் கட்டாயம் வாங்க. வான்கோழியப் பத்தி அவகிட்ட கேளுங்க. உங்க காதால கேப்பீங்க."

விருந்துக்கு முந்தின சாயங்காலம், நாங்கள் கிளம்பிய பிறகு, நிர்வாகி பிரென்னா சுவரில் மாட்டியிருந்த வான்கோழிகளைப் பார்த்திருக்கிறாள். பெற்றோர் கண்ணுக்கு அசிங்கமாம். டெல்லாவுடையதைக் குப்பையில் போட்டுவிட்டு, தானே புதிதாக ஒன்று செய்து, டெல்லா பெயரை எழுதி மாட்டிவிட்டாள். வாலில் சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் சோள ரொட்டியை அடுக்கும் அவசரத்தில் நாங்கள் சுவரைக் கவனிக்கவில்லை. கர்ட் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றார்.

"இதானே உன்னோடது? இதப் பத்திச் சொல்லு கண்ணு."

"என்னோடது இல்ல."

"உன் பேரு போட்டிருக்கே?"

"என்னோடது இல்லப்பா." குரல் உடைந்துவிட்டது.

லொரெட்டா திரும்பினாள். சுவரைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "யாரு பண்ணின வேலை இது?"

"நான்தான் கொஞ்சம் சரி பண்ணினேன்," என்று சிரித்தாள் பிரென்னா. "இப்ப அழகா இருக்குல்ல? பாருங்க, பொண்ணு பேசவே ஆரம்பிச்சிட்டா!"

"அவ செஞ்சது எங்க?"

"குப்பை வண்டி காலையிலயே போயிடுச்சு. வெறும் காகிதம்தானே லொரெட்டா, விடுங்க."

லொரெட்டா வாயைத் திறப்பதற்குள் டெல்லா கை நீட்டி அந்த வான்கோழியைச் சுவரிலிருந்து எடுத்தாள். அப்பாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நேராகப் பிரென்னாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். எங்கள் வகுப்பில் ஒருவர் செய்ததை ஒரு வார்த்தை பாராட்டாமல் அவரிடம் திருப்பிக் கொடுப்பதில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க, மிஸ்."

பிரென்னா அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

லொரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றாள்.

"புள்ள பாராட்டுது, பிரென்னா. என்ன சொல்லணும்?"