தனபால் கடை ஷட்டரும் என் படுக்கை சைக்கிளும்

சைக்கிள் கடை தனபால் செத்துப்போனார். காலையில் கடைத்தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம்.

எல்லோரும் ஆர்ஐபி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நல்ல மனுஷன்", "சிரிச்ச முகம்"... அங்கே நான் ஒன்றும் போடவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் என் மிக்சி ரிப்பேர் கடை தெரிந்தவர்களுக்கு என் சைக்கிளும் தெரியும். சாய்ந்து படுத்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். ரிகம்பென்ட் என்பார்கள்.

உளுந்தூர்பேட்டை ஹைவேயில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு டிஸ்க் போனவன் நான். "சாதா சைக்கிளை மறந்துடுங்க" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் அழுதது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் கல்வராயன் மலை ஏறிக்கொண்டிருந்தவன்...

விசாரித்து விசாரித்து ஆன்லைனில் பிரேம் செட் மட்டும் வாங்கினேன். பிரேம், முன்சக்கரம் மாட்டுகிற போர்க், சீட், பெடல் மாட்டுகிற முன்குழாய். பெட்டியில் அவ்வளவுதான். சக்கரம், செயின், பிரேக் எல்லாம் நாம்தான் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

நேராகத் தனபால் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஹேண்டில் பேரிங் கிண்ணத்தைப் பிரேமுக்குள் இறக்குகிற டூல் கடைத்தெருவில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இன்னாபா இது? படுத்துக்கினு, கால நீட்டிக்கினு போவறதா? இது சைக்கிள் இல்லடா, பாடை! பாடைக்கெல்லாம் நான் பேரிங் போடறதில்ல. எடுத்துக்கினு போ."

கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்... இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எரிகிறது.

சரி போ என்று நானே உட்கார்ந்தேன். ஹார்டுவேர் கடையில் நீட்டு போல்ட்டும் பெரிய வாஷரும் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நட்டை முறுக்கிக் கிண்ணத்தை இறக்கினேன். கோணாமல் இறங்கியது.

முன்னால் இருக்கிற பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் சாதா செயின் எட்டாது. மூன்றை இணைத்து ஒன்றாக்கி, நடுவில் ஒரு சின்ன உருளையில் ஓடவிட்டேன்.

முன்குழாயைத்தான் முதலில் தப்பாக வைத்துவிட்டேன். நின்றபடி காலை அளந்து, அதற்கு நீட்டிவிட்டேன். வடக்கனந்தல் போய்த் திரும்புவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

அப்புறம் சீட்டில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, கால் நேராகிற இடத்தில் குழாயை இறுக்கினேன். செயினிலும் சில கண்ணிகளைக் கழற்றினேன். மறுபடி மிதித்துப் பார்த்தால்... வலி இல்லை. சந்தோஷத்தில் கத்தினேன்.

கடைத்தெருவுக்குள் ராஜா மாதிரி வந்தேன். தனபால் என்ன செய்தார் தெரியுமா?

எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் போனால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவோம். தாண்டிப் போன பிறகு தூக்குவோம். மனுஷன் என்னைப் பார்த்ததும் தன் கடை ஷட்டரைச் சர்ரென்று பாதிக்கு இழுத்தார்.

"பாடை வருது, எறக்குங்கடா!"

அது தினசரி வேடிக்கையாகிவிட்டது. டீக்கடை, துணிக்கடை என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். தள்ளுவண்டிப் பழக்காரர்கூடத் தார்ப்பாயை இழுத்து மூடினார். பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்து, மொட்டைத் தலையோடு கடை திறக்க வருகிறேன். தனபால் அன்றைக்கும் இழுத்தார்.

"பாடை வருது!"

வேறு யாரும் இழுக்கவில்லை. அவர் ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில்தான் போயிருந்தோம்...

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிமலை ரோட்டில் ஒரு வளைவில் நிழலுக்கு ஒதுங்கி நிற்கிறேன். மேலேயிருந்து தனபால் மொபெட்டில் இறங்கி வருகிறார்.

அங்கே ஷட்டரும் இல்லை, சேர்ந்து சிரிக்க ஆளும் இல்லை. வண்டியை நிறுத்தினார். குனிந்து செயினைப் பார்த்தார், உருளையைச் சுற்றிவிட்டார், பேரிங் கிண்ணத்தை விரலால் தடவினார்.

"நீயே எறக்கினியா? நல்லாத்தான் கீது... ஒரு ரவுண்டு குடேன், ஒக்காந்து பாக்கறேன்."

ரொம்ப ஆசைப்பட்டார். முகத்திலேயே தெரிந்தது.

"உசுரோட இருக்கறவங்க பாடையில ஏறக்கூடாதுண்ணா."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பூராவும் எனக்கு இனித்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஷட்டரை இழுத்தார்.

இப்போது குரூப்பில் வியாபாரிகள் சங்கத்துத் தலைவர் மெசேஜ் போட்டிருக்கிறார். ஊர்வலம் போகும்போது எல்லாக் கடையும் ஷட்டரை இறக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கை.

என் மனைவி போன் பண்ணினாள். "செத்தவரு மேல இன்னா கோவம்? பாதி எறக்கிட்டு வூட்டுக்கு வந்துடுங்க. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"அவரு செத்துட்டாரு. என் கோவம் சாகல" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மணி இரண்டரை ஆகிறது. தாரை தப்பட்டைச் சத்தம் இங்கேயே கேட்கிறது. சைக்கிளை நன்றாகத் துடைத்துக் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

தனபால் அண்ணா, இந்த வழியாகத்தான் வருவீர்கள். எல்லாக் கடையும் உங்களுக்காகப் பாதி இறங்கியிருக்கும். என் ஷட்டர் மட்டும் முழுசாகத் தூக்கியிருக்கும். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்.

போய்ச் சேருங்கள்.