கையசைக்க வேண்டாம் என்று சொன்ன நாள்

1. விழுப்புரம்

சினிமாவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குப் பயம். விழுப்புரம் பொருட்காட்சித் திடலில் கடல்கன்னி ஷோ நடக்கும் கண்ணாடி டேங்க்கின் முன்னால் முதல் நாள் நின்றபோது, நான் முதலில் செய்தது தரையில் கிடந்த ஒயர் ஜாயின்ட்டுகளை எண்ணியதுதான். பதினொன்று இருந்தன. நான்கில் டேப் சுற்றவில்லை.

என்னை அழைத்துப்போனவர் கார்த்திகா. சொந்தக் கேமராவில், எந்தக் கம்பெனியையும் நம்பாமல் ஆவணப்படம் எடுக்கிற பெண். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகளில் ரப்பர் வால் மாட்டிக்கொண்டு கடல்கன்னியாக வாழ்கிறவர்களைப் பற்றிய படம் இது. யூனிட் என்று பார்த்தால் இரண்டே பேர்: அவர் கேமரா, நான் சவுண்ட்.

டேங்க்கில் மாறி மாறி இறங்கியவர்கள் ரேவதியும் பிலோமினாவும். ரேவதி வல்லம் பக்கத்தைச் சேர்ந்தவர். வீட்டில் கூலி வேலை, சொந்த நிலமில்லை. நீச்சல் எங்கே கற்றீர்கள் என்று கார்த்திகா கேட்டார்.

"அடுத்தவங்க கெணத்துல மேடம். குதிச்சா கல்லால அடிச்சுத் தொரத்துவாங்க. இப்ப டிக்கெட் வாங்கிக்கினு வந்து பாக்கறாங்க."

டேங்க்கின் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவருக்கும் கணவர் முருகனுக்கும் வீடு. சீசன் முழுவதும் அங்கேதான். "தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியல சார். வெளிய வந்து நடந்தாத்தான் காலு நோவுது" என்றார்.

வாலுக்குள் இரண்டு கால்களும் ஒன்றாக அடைபட்டிருக்கும். தனித்தனியாக உதைக்க முடியாது. மூச்சுக் குழாயும் கிடையாது. ஒரு முங்கு, ஒரு சுற்று, பிறகு பொய்ப்பாறைக்குப் பின்னால் தலையை உயர்த்தி மூச்சு வாங்க வேண்டும். டேங்க்கின் மூலையில் இருந்த இரும்பு ஏணியில் முருகன் காவல் நிற்பார்.

கூட்டத்தில் ஒரு பையன் கத்தினான்: "கன்னிக்குக் கண்ணாலம் ஆயிடுச்சாண்ணா?"

"ஆயிடுச்சுடா. புருசன்காரன் ஏணி மேல நின்னுக்கினு இருக்கான்" என்றார் முருகன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ரேவதி கண்ணாடிக்கு அருகில் வந்து இரண்டு கைகளையும் அசைப்பார். குழந்தைகள் பதிலுக்குக் கையசைப்பார்கள். அது குழந்தைகளுக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

"எனக்குத்தான் சார் அது" என்றார் முருகன். "கை ஆட்டுனா நல்லா இருக்கான்னு அர்த்தம். ஆட்டாம ஒரு ரவுண்டு போனா நான் குதிச்சிருவேன்."

2. திண்டிவனம்

பொருட்காட்சி திண்டிவனத்துக்கு மாறியது. மாலையில்தான் கேட் திறப்பார்கள். அதற்கு முன், கூட்டம் இல்லாதபோது, கார்த்திகா ஒரு ஷாட் கேட்டார்.

"ஜனங்களுக்காக நீந்த வேண்டாம் ரேவதி. கை ஆட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம். நீங்க மட்டும் தனியா இருக்கற மாதிரி ஒரே ஒரு தடவை."

முருகனுக்குப் பிடிக்கவில்லை. "அதப் பாத்துத்தான் மேடம் எனக்குத் தெம்பு."

"நீங்க இங்கயேதான நிக்கறீங்க?"

"நீ சும்மா இரு. ஒரு ஷாட்டுதான" என்றார் ரேவதி.

"ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கூப்புடறேன் சார்" என்று சிரித்தார்.

பிலோமினாவும் சேர்ந்து சிரித்தார். "சவுண்டு சார், நீங்க பயப்படறதப் பாத்தா வாலு ஒங்களுக்கு மாட்டி விட்ட மாதிரி இருக்குது!"

தண்ணீருக்குள் இருந்துகொண்டு எப்படிக் கூப்பிடுவார் என்று யாரும் கேட்கவில்லை.

அதிர்வைச் சத்தமாக எடுக்கும் கான்டாக்ட் மைக்கைக் கண்ணாடியில் ஒட்டி, ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். ரேவதி இறங்கினார். வால் தண்ணீரைத் தள்ளும் சத்தம், கனத்த துணியை உதறுவது போல, சீராக வந்தது. நான் விநாடிகளை எண்ண ஆரம்பித்தேன். விழுப்புரத்தில் எண்ணி வைத்த கணக்குப்படி அவர் நாற்பதுக்குள் மேலே வந்துவிடுவார்.

இருபத்தைந்தில் வால் சத்தம் நின்றது. அதற்குப் பதில் இரும்பில் எதுவோ உராயும் சத்தம். பிளாஸ்டிக் பவளங்களை ஒரு கம்பி வலையில் கட்டி அடியில் வைத்திருந்தார்கள். வாலின் நுனி அதில் மாட்டிக்கொண்டது அப்போது எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு நேராக, அசையாமல், முடி விரிந்து மிதக்க அவர் நின்றார். கேமராவுக்குப் பின்னால் கார்த்திகா, "என்ன அழகு" என்று முணுமுணுத்தார்.

முப்பத்தெட்டில் ரேவதி இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார்.

"ஐயோ, பழக்கத்துல ஆட்டறாங்க" என்று கார்த்திகா சலித்துக்கொண்டார். ஏணியில் இருந்த முருகனின் முகம் தெளிந்தது. அவரும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார்.

நாற்பது. நாற்பத்தைந்து. ரேவதி இன்னும் அசைத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனில் நகங்கள் கண்ணாடியைத் தொடும் சத்தம் கேட்டது.

"முருகா, குதிப்பா!" என்று கத்தினேன்.

"நல்லாத்தான் சார் இருக்கா. கை ஆட்டறா பாருங்க."

"கூப்புடறாப்பா உன்ன! குதி!"

அதற்குப் பிறகு எண்ணிக்கை என்னிடம் இல்லை. முருகன் குதித்தார். வாலை வலையிலிருந்து எடுக்க முடியாமல் ஜிப்பைத் திறந்து ரேவதியை உருவி மேலே கொண்டுவந்தார். வால் மட்டும் அடியில் நட்டுக்குத்தலாக நின்று ஆடியது. பாதி ஆள் இன்னும் உள்ளே இருப்பது போல இருந்தது.

ரேவதி பலகையில் குப்புறக் கிடந்து இருமினார். பிறகு முருகன் பக்கம் திரும்பினார்.

"கூப்ட்டேனே. இன்னா பாத்துக்கினு இருந்தே?"

"நல்லாருக்கேன்னு சொல்றன்னு நெனச்சேன்டி" என்றார் முருகன்.

அன்று ரேவதி இறங்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். "பிலோமினா ஒருத்தியே எத்தினி தடவ முங்குவா?" என்று கேட்டார். இரண்டாவது ஷோவுக்கு மறுபடி வால் மாட்டிக்கொண்டார். கம்பி வலையை மட்டும் முருகன் பிடுங்கி வெளியே எறிந்திருந்தார்.

3. அந்த ஷாட்

கார்த்திகா அதை அழிக்கப் போவதாகச் சொன்னார். அது அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, ரேவதியைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்.

"நான் கூப்ட்டது அது. யாரும் வரல. போடுங்க மேடம். பாக்கற ஜனத்துலயாச்சும் யாராவது எழுந்திரிக்கறாங்களா பாக்கலாம்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மற்றவர் தொழில் நடக்கும் இடத்தில் போய், ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகும், அந்த வேலையை இனி எது செய்யும் என்று கேளுங்கள். எங்களுக்கு முதல் பதில் கிடைத்திருந்தது. இரண்டாவதை நாங்கள் கேட்கவே இல்லை.

படத்தைத் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஹாலில் போட்டோம். நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்த ஷாட்டில் ரேவதி கைகளைத் தூக்கி அசைத்தபோது, முன்வரிசைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார்கள். பெரியவர்கள் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகன் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், அவர் உட்காரவில்லை.