ஏதாவது டவுட் இருக்கா?

சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்று உண்டென்றால், அது தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலைதான். எண்ணூர் பக்கம் எண்ணெய் டேங்க்குகளைக் கழுவி, ரிப்பேர் செய்து தரும் ஒரு கம்பெனியில் ஏழு வருஷமாக இருக்கிறேன். மாத்தூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் வருவதால், 'முழுசாகப் போய்ச் சேருவேனா' என்ற அன்றைய முதல் சந்தேகம் வழியிலேயே வந்துவிடும்.

கேள்வி இல்லாத வகுப்பு

திங்கட்கிழமை காலையில் தொழிலாளர்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டும். உங்களில் யாராவது முப்பது பேர் முன்னால் நின்று "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்டிருந்தால், அடுத்து வரும் அமைதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபேன் மட்டும் பதில் சொல்லும். நானோ, 'எவ்வளவு தெளிவாக நடத்தியிருக்கிறேன்!' என்று பூரித்துப்போய் ஃபைலில் டிக் போடுவேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது டில்லியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். கொருக்குப்பேட்டைக்காரர், இருபது வருஷமாக வெல்டர். அவர் டீயை ஊதிக்கொண்டே, "டவுட்டு இல்லாமலாம் இல்ல மேடம். கேட்டா, 'உனக்கு இன்னா தெரியும், போய் வேலையப் பாரு'ம்பாங்க. அத்தான் வாய மூடிகினு கீறோம்" என்றார்.

பெயர் போடாத சீட்டு

அன்றே கேன்டீன் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தேன். மனதில் உள்ள கேள்வியை எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். முதல் வாரம் மூன்று சீட்டு விழுந்தது. 'மேனேஜர் ரூமுக்கு மட்டும் ஏன் ஏசி?' என்பது ஒன்று. 'சாம்பாரில் கடைசியாகப் பருப்பு போட்டது எப்போது?' என்பது இன்னொன்று. மூன்றாவது பென்சிலில் இருந்தது: 'கேஸ் மீட்டர் சரியா கீதான்னு யார் பாக்கறது?'

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டேங்க்குக்குள் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் அந்த மீட்டரை எடுத்துப் பார்த்தால், சோதனைக்கு அனுப்ப வேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சந்தேகத்துக்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு மீட்டரை அனுப்பிவிட்டு, சாம்பார் சீட்டைக் கேன்டீன் செல்வி அக்காவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தவர், "பேரு போடாம எழுதுற அளவுக்கு இன்னா பயம்? நேர்ல கேட்டா நான் இன்னா கடிச்சிடவா போறேன்?" என்றார்.

கையெழுத்துக்குப் பிறகு

மீட்டர் சரியாகி வந்த மறுவாரம். ஒரு டேங்க்கின் வாயில் மீட்டரைப் பிடித்தேன். ஜீரோ. உள்ளே இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். டில்லி இறங்கவில்லை. "கீழ வரைக்கும் ட்யூப் வுட்டுப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டார். வெயிலில் நின்றிருந்த மேனேஜர், "மேடமே கையெழுத்துப் போட்டாச்சு, உனக்கென்னய்யா? இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போ!" என்று கத்தினார். டில்லி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். அதைப் போட்டுக்கொண்டு இறங்க வேறு யாரும் முன்வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கோபம்தான். என் கையெழுத்தையே சந்தேகப்படுகிறாரே! அவர் வாயை அடைக்கத்தான் மீட்டரின் ட்யூபை டேங்க்கின் அடிவரை இறக்கினேன். மீட்டர் அலறிய அலறலில் மேனேஜர் நாலடி பின்னால் போனார். காற்றைவிடக் கனமான வாயு முழுக்க அடியில் தேங்கியிருந்தது. நான் போட்ட கையெழுத்தை நானே அடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். டில்லி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "உங்கள நம்பாம இல்ல மேடம், டேங்க்கத்தான் நம்பல" என்றார்.

வூட்டுக்குப் போன கேள்வி

அதற்குப் பிறகு திங்கட்கிழமை வகுப்பு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கையுறை, கயிறு, ஏணி, கடைசியில் என்னையும் சேர்த்து எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார்.

போன மாதம் டில்லி முகம் வாடி வந்தார். நர்ஸ் வேலை பார்க்கும் மகளுக்கு ஜோசியர் ஒரு வரன் சொல்லியிருக்கிறார், பத்துப் பொருத்தமும் அமோகம். மகளோ, "ஜாதகம் பாத்தவரு மாப்பிள்ளையப் பாத்தாரா?" என்று கேட்டிருக்கிறாள். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். டில்லி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு இன்னா தெரியும், வாய மூடுன்னேன் மேடம். அதுக்கு அவ, 'இன்னா நைனா, உங்க மேனேஜர் மாதிரியே பேசுற?'ன்னுட்டா. நாளைக்கு லீவு வாங்கிக் குடுங்க, மாப்பிள்ளையப் போயி ஒரு தபா நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

எதையும் கேள்வி கேட்கிற முப்பது பேரோடு வேலை பார்ப்பது பெரிய பேஜாருதான், ஆனால் அந்த முப்பது பேரும் சாயந்திரம் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போவதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறபோது அந்தப் பேஜாரு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.