சித்தப்பா தவறவிட்ட மழை

மழை வருமா என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள்; எங்கள் வீட்டு மொட்டைமாடியைப் பார்ப்பார்கள். அங்கே சித்தப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போனும் கையுமாகக் கடல் பக்கம் பார்த்து நின்றால் போதும், இஸ்திரி வண்டிக்காரர் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார். எதிர் மேன்ஷன் பையன்கள் கொடியிலிருந்து பனியன்களை உருவுவார்கள். டிவியில் கனமழை என்று சொல்லி, பள்ளிக்கு விடுமுறையும் விட்டு, நாள் முழுக்க வெயில் காய்ந்த சமயங்களில் சித்தப்பாவின் மதிப்பு இன்னும் ஏறியது. "மழ ஆந்திரா பக்கம் போய்க்கினு கீது. நாளைக்கு லீவு வுட்டா நல்லா வெயில்ல வெளையாடு" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருப்பார்.

அவர் அப்பாவின் தம்பி. வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. மழை அவருடைய பைத்தியம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மழை அளக்கும் குடுவை ஒன்றை வைத்திருந்தார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைக் குனிந்து பார்த்து, அளவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். அந்தக் குழுவில் எல்லாருமே அவரைப் போன்றவர்கள். ஒருவரையொருவர் பேட்டை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "இன்னா அசோக் நகர், நேத்து உனுக்கு ஒரு தூறல்கூட இல்லியாமே?" என்று சித்தப்பா போனில் துக்கம் விசாரிப்பார். அடையாற்றில் கொட்டிய மழை மயிலாப்பூர் குளத்தோடு ஏன் நின்றது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது: மழை விஷயத்தில் பொய் கூடாது. ஆசைப்பட்டு ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் போட்ட ஒருவரை அந்தப் பருவம் முழுக்கக் கேலி செய்து தீர்த்தார்கள்.

எங்கள் அத்தை, அதாவது சித்தப்பாவின் தங்கை, தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். அவளுக்கு அடையாறிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தது. முந்தின வருஷக் கார்த்திகையில் முதலில் குறித்த தேதியில் புயல் வந்து மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், கல்யாணம் தள்ளிப்போனது. அடுத்துக் குறித்தபோது மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டார். மூன்றாவதாக மறுபடியும் ஒரு கார்த்திகை முகூர்த்தம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், இந்தப் பெண்ணின் ராசியே சரியில்லையோ என்று பேச்சு கிளம்பிவிட்டது. அத்தை கல்யாணப் புடவையை எடுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோதுகூட, "அப்புறம் பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரமே வங்கக் கடலில் ஏதோ உருவாகிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் போனில் மழை வரைபடங்கள் வண்ண வண்ணமாக நகரும். பச்சை என்றால் தூறல், சிவப்பு என்றால் பேய்மழை என்பதுவரை எனக்கும் தெரியும். அந்த வாரம் அவர் எதைத் திறந்தாலும் நம் கரை ஓரமாகச் சிவப்பாக ஒரு திட்டு வந்து உட்கார்ந்தது. வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் வீட்டையே கூப்பிட்டுக் காட்டுகிறவர், அந்த வாரம் போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

முந்தின நாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"டிவியில நாளைக்குக் கனமழன்னு சொல்றாங்க. சாயங்காலம் நாங்க கெளம்பி வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. மழதான்னா இப்பவே சொல்லிடுங்க, தை மாசம் பாத்துக்கலாம். உங்க தம்பி சொன்னா சரியா இருக்குமாமே, அவர்கிட்ட குடுங்க."

அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில் கரண்டி. தை மாதம் என்று சொன்னதும் அது அப்படியே நின்றது. தை மாதம் என்றால் அது வரவே போகாத தை என்று அங்கே இருந்த பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

சித்தப்பா போனை வாங்கினார். தங்கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, தினமும் காலையில் அளவு சொல்லும் அதே குரலில் சொன்னார்: "மழ இல்லம்மா. எல்லாம் வடக்க ஏறிப் போய்க்கினு கீது. நீங்க தைரியமா வாங்க."

"நம்பி வரலாமா தம்பி?"

"என்ன நம்பி வாங்க."

அத்தை உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து, "அந்தச் சிவப்பு?" என்று கேட்டேன். "அது ராத்திரியே திரும்பிடுச்சு" என்றார். அவர் சொன்னால் திரும்பியிருக்கும்தான். நானும் போய்த் தெருப்பிள்ளைகளிடம் மழை இல்லை என்று அறிவித்துவிட்டு வந்தேன்.

அன்று பகல் முழுக்க அவரை ஓர் இடத்தில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் ஜரிகை வேலைப் பட்டறை வைத்திருந்த பாயும் அவருமாகச் சேர்ந்து, பட்டறையின் மரச் சட்டங்களை எல்லாம் சுவரோரம் சாய்த்து, கூடத்தைக் கழுவிவிட்டார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் படுத்துக்கொள்ள என்றார். வாசலில் ஷாமியானா கட்டியவர்களிடம் சொல்லி மேலே தார்ப்பாயும் போட வைத்தார். பனி இறங்கும் என்றார். சமையல்காரரின் அடுப்பு, திறந்த இடத்திலிருந்து பாய் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போனது. புகை எதிர்வீட்டுக்குப் போகிறதாம். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, எல்லாவற்றையும் நாங்கள் நம்பினோம்.

மறுநாள் காலையில் கல்யாணம் பார்க்க முதலில் வந்து சேர்ந்தவர்கள் அவருடைய மழைக் குழுவினர். நான் அவர்களைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அசோக் நகர், பட்டுச்சட்டைக்கு மேல் ரெயின்கோட் போட்டிருந்தார். கொட்டிவாக்கம் என்று நான் கேள்விப்பட்டிருந்தது ஒரு டீச்சரம்மா. ஜரிகைப் புடவையும் ரப்பர் செருப்பும் ஆளுயரக் குடையுமாக வந்திருந்தார். அப்போது ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கல்யாணத்துக்கு வந்த அத்தனை கூட்டத்திலும் குடையோடு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

தெருமுனை அம்மன் கோயில் மண்டபத்தில் தாலி கட்டினார்கள். மேளம் ஓய்வதற்குள் ஆரம்பித்தது. தூறல், சாரல் என்றெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே அடைமழை. தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வாழைமரம் ஒன்று சாய்ந்து மிதந்துபோனது. மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவைத் தேடி வந்தார்.

"இதுதான் உங்க ஊர்ல மழ இல்லாத லட்சணமா தம்பி?"

"ஏமாந்துட்டேம்மா, மன்னிச்சுக்குங்க" என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சாப்பாடு மேல பாய் வூட்ல ரெடியா கீது. வாங்க, நனையாத கூட்டிகினு போறேன்."

ரெயின்கோட்டுக்காரரும் டீச்சரம்மாவும் குடைகளை விரித்து மாப்பிள்ளை வீட்டாரை இரண்டிரண்டு பேராகப் படியேற்றினார்கள். பட்டறைக் கூடத்தில் பந்தி நடந்தது. பாய் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். "நல்லா சாப்டுங்க சம்மந்தியம்மா, மழல நடந்த கல்யாணத்துக்கு பரக்கத் ஜாஸ்தி, எல்லாம் பெருகும்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். ஈரத்தலையோடு அத்தை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக நாங்கள் பார்க்காத பசியோடு சாப்பிட்டாள்.

நான் மட்டும் பாதி இலையில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே தெருவில் இஸ்திரிக்காரர், "இன்னா நைனா, உன் போன்ல இருந்த மழையெல்லாம் இங்க வந்து கொட்டுதே!" என்று சிரிப்பது கேட்டது. மேன்ஷன் பையன்கள் விசிலடித்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் அந்தக் குழுவினர்மேல்தான். தங்களுக்குத் தெரிந்திருந்தும், ஒரு போன் செய்து அவரை எச்சரிக்காமல், தாங்கள் மட்டும் குடையோடு வந்துவிட்டார்களே என்று நினைத்தேன். போதாததற்கு அந்த டீச்சரம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. அசோக் நகர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். தோற்றுப்போனவரிடம் துக்கம் விசாரிக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க எங்கள் மாடியை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் டிவியை நம்ப ஆரம்பித்தார். அத்தை இன்றைக்கும் தன் பிள்ளைகளிடம், "மாமா மழ இல்லன்னு சொன்னாரா? அப்ப குடை எடுத்துக்க" என்கிறாள். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கல்யாணத்தன்று மழை விட்ட பிறகு அவர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். குடுவை நிரம்பி வழிந்திருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தபோது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒருவர் தெரிந்தே தப்பாகச் சொல்லக்கூடும் என்பது அந்த வயதில் என் புத்திக்கு எட்டவே இல்லை. வேதனையை மறைக்கச் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பரவால்ல சித்தப்பா, அடுத்த வாட்டி கரெக்டா சொல்லிடுவ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆமா பாப்பா, இன்னும் கொஞ்சம் நல்லா பாத்து சொல்லணும்" என்றார்.