தெற்கு எல்லைக் கோடு

பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் அவருக்கு வரைபடம் போடும் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல அளவுகோல் எட்டிப் பார்த்ததால் எல்லோருக்கும் அவர் ‘ஸ்கேல்’. அவர் சேர்ந்தபோது வளாகத்தில் இருந்தவை மூன்றே கட்டடங்கள். அதன்பின் எழும்பிய நூலகம், ஆய்வுக்கூடங்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் முதலில் அவர் மேஜையில்தான் கோடுகளாகக் கிடந்தன.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில், மாணவிகள் விடுதிக்காக வளாகத்தைத் தெற்கே விரிவாக்க முடிவானது. புது எல்லையை அவர் வரைந்தார். கோடு அக்கா வீட்டுச் சமையலறை வழியாகப் போனது. அம்மா போனபின் அவரைப் படிக்க வைத்தவள் அந்த அக்காதான்.

விஷயம் தெரிந்ததும் அவரைத் தேடி வந்தாள்.

“ஒரு பத்தடி தள்ளிப் போடுடா. பென்சில் உன் கையிலதானே இருக்கு?”

“அப்படியெல்லாம் முடியாதுக்கா. உனக்குத் தள்ளினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். நஷ்டஈடு தருவாங்க.”

“உங்க மாமாவால நாலு படி ஏற முடியல. மூச்சு வாங்குது. அவரக் கூட்டிக்கிட்டு நான் எங்கடா போவேன்?”

அவர் மேஜையில் கிடந்த படத்தைச் சுருட்டி வைத்தார். சொந்தபந்தம் பார்க்காமல் நடந்துகொண்டோம் என்று அன்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார்.

“கிழக்கு மூலையில மரம் அறுக்கிற மில் இருக்கே, அத விட்டுட்டுக் கோட்ட வளைச்சிடுங்க.”

“சார், ரூல்ஸ்படி...”

“அத நான் பாத்துக்கறேன். சாயங்காலம் படம் வேணும்.”

மில்காரர் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரின் சம்பந்தி. மறுத்துவிடலாமா என்று யோசித்தார். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம். சாயங்காலத்துக்குள் படம் தயாராகிவிட்டது. இதே சாக்கில் அக்காவுக்கும் பத்தடி கேட்டிருக்கலாம், வாய் எழவில்லை.

படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அக்கா போய்ப் பார்த்தாள். மில்லைச் சுற்றிக் கோடு வயிறு தள்ளி நின்றது. கீழே அவர் கையெழுத்து.

வீட்டை இடித்தபின் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. அவர் போனபோது அக்கா கதவைத் திறந்து, “வாங்க, உக்காருங்க” என்றாள்.

“என்னக்கா, வாங்க போங்கன்னு?”

“பெரிய வேலை பாக்கறவங்க. மரியாதை தரணும்ல.”

மாமா அந்தப் படிகளில் அப்புறம் இறங்கவே இல்லை. இரண்டாம் வருஷம் அவரை நாற்காலியில் வைத்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள், உயிரில்லாமல்.

தெற்கே மண் சரியில்லை என்று விடுதியை வடக்குப் பக்கம் கட்டினார்கள். அங்கே பல்கலைக்கழகத்துக்கு முதலிலிருந்தே இடம் இருந்தது. அக்காவின் சமையலறை இருந்த இடத்தில் இப்போது பேராசிரியர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

ஓய்வு பெற்றதும் அவர் கீழ்த்தளத்தில் விசாலமாக ஒரு வீடு பிடித்தார். ஒரு அறையை அக்காவுக்கென்று ஒழித்து வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டார்.

“படியே இல்லக்கா. வந்துடு.”

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“படி ஏற முடியாதவர் போயிட்டாரே. நான் நல்லாத்தான் ஏறுறேன். நீங்க பாத்து இறங்குங்க.”