வேலூர் பஸ்ஸில் போன தாய்ப்பால்

மடியில் ஒரு ஐஸ் டப்பா. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன பாட்டில். அதில் என் மனைவியின் பால்...

ஆரணியிலிருந்து வேலூர் போகிற காலை பஸ், ஜன்னலோர சீட். கண்ணமங்கலம் பக்கம் மலை மேல் பனி இறங்கியிருக்கும். பாதித் தூக்கத்தில், பஸ் ரோட்டில் போகிறதா பனிக்குள் மிதக்கிறதா என்றே தெரியாது. டப்பாவின் குளிர்ச்சி வேட்டியைத் தாண்டித் தொடையில் ஏறும். அதுதான் என்னை எழுப்பி வைத்திருக்கும்.

என் மகள் ஏழாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். அவ்வளவு சின்னக் குழந்தையை வைத்துப் பார்க்க அப்போது எங்கள் ஊரில் வார்டு கிடையாது. "ஜல்தியா வேலூருக்கு எடுத்துனு போயிடுங்க" என்றார் டாக்டர். வனிதாவுக்கோ ஆபரேஷன். பிரஷர் இறங்கவே இல்லை, அசைக்கக் கூடாது. அவள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறப்பதற்குள் குழந்தை ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டது.

வேலூரில் முதலில் போன இடத்தில், குறைமாதக் குழந்தையைச் சூட்டில் வைக்கிற கண்ணாடிப் பெட்டி காலி இல்லை. அடுத்த இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த ஒன்றும் இல்லாமல் போயிருந்தால்...

அம்மா ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில். நடுவில் நான்.

காலையில் பாலை எடுத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் சேதியை எடுத்துக்கொண்டு வருவேன். கண்டக்டருக்குக்கூடப் பழகிவிட்டது. "இன்னா மேஸ்திரி, கொயந்த எப்பிடி கீது?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலோரத்தில் இடம் பிடித்துத் தருவார். வார்டு வாசலில் பார்த்தால் படவேட்டுக்காரர், பெரணமல்லூர்க்காரர், எல்லாரும் அங்கேதான். எல்லார் கையிலும் ஒரு டப்பா.

ஒரு நாள் சிஸ்டர் கூப்பிட்டார். "பாப்பாக்கு எடை ஏறல அண்ணே. மேல் சூடு வேணும். அம்மா வர்ற வரிக்கும் நீங்கதான் நெஞ்சுல போட்டுக்கணும். கைய கழுவினு வாங்க."

கழுவினேன். காட்டினேன். மறுபடி கழுவச் சொன்னார்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு. "அழுக்கு இல்ல சிஸ்டர், சாயம். போவாது" என்றேன்.

"பாப்பா தோலு ரொம்ப மெல்லிசு அண்ணே. எதுக்கும் டாக்டர கேட்டு சொல்றேன், நாளிக்கி வாங்க."

நாளை வரைக்கும் எனக்கு எங்கே பொறுமை? ஊருக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். தப்பான கலர் ஏறிய நூலை வெளுக்க ஒரு பவுடர் வைத்திருப்போம். எப்பேர்ப்பட்ட அரக்கையும் உரித்துவிடும். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து இரண்டு கையையும் விட்டேன். சாயக்காரனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்! கலர் போனது. கூடவே தோலும் போனது.

மறுநாள் கையைப் பார்த்த சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா அண்ணே பண்ணி வெச்சிக்கிறீங்க! சாயம் இருந்தா பரவால்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப புண்ணு கையோட எப்பிடி தொட வுடறது?"

அந்த வராண்டாவில் அழுதேன். வெட்கமே இல்லாமல், அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

டாக்டரிடம் பேசிவிட்டு சிஸ்டரே திரும்பி வந்தார். என் கையில் கட்டுப் போட்டு, அதன் மேல் கிளவுஸ் மாட்டினார். "கைய தொங்க வுட்டுகினு உக்காருங்க. தொடாதீங்க. நாங்களே வெச்சி கட்டி வுடறோம்."

சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தையை நெஞ்சில் வைத்து மெல்லிய துணியால் சுற்றிக் கட்டினார்கள். கனமே இல்லை. ஒரு கழி நூல் அளவுக்குக்கூட இல்லை. முதலில் சில்லென்று இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல, என் சூடு எது அவள் சூடு எது என்று தெரியாமல் போனது. மெஷின் எங்கேயோ தூரத்தில் கூவிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு மட்டும் என் கழுத்துக்குக் கீழே வந்து வந்து போனது. பெற்ற பிள்ளையைக் கையால் அணைக்க முடியவில்லை. ஆனாலும் அந்த மத்தியானத்தைப்போல ஒரு சுகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

தினமும் அப்படி உட்கார்ந்தேன். எடை ஏறியது.

சாயங்காலம் போனால் வனிதா கட்டிலில் காத்துக்கொண்டிருப்பாள். "ஏங்க, மூக்கு யாரு மாரி கீது? முடி கீதா? அழுவறாளா?" நான் சொல்லச் சொல்ல கண்ணை மூடிக் கேட்பாள். அவளை டிஸ்சார்ஜ் செய்து, வேலூருக்குக் கூட்டிப்போய்க் குழந்தையைக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்க சொன்ன மாரி இல்லியே..." என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மகள் இப்போது காலேஜ். சொன்ன பேச்சு ஒன்றைக்கூடக் கேட்பதில்லை, நல்லா இருக்கட்டும்.

இப்போது எங்கள் ஊரிலேயே அந்த வார்டு வந்துவிட்டது. பெட்டிகள் கொஞ்சம்தான், நிறைந்துவிட்டால் மறுபடி வேலூர்தான். மலையடிவாரத்துக்காரர்களுக்கு நம் ஊரே தூரம்தான். ஆனாலும் வந்துவிட்டது.

போன மாசம் எங்கள் பட்டறையில் வேலை செய்கிற பையனின் மனைவிக்கும் குறைமாதப் பிரசவம். அன்றைக்கே நானும் வனிதாவும் பார்க்கப் போயிருந்தோம். அந்தப் பெண்ணை வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து குழந்தையின் பெட்டி பக்கத்தில் விட்டார்கள். அவள் உள்ளே விரலை நீட்டிக் குழந்தையின் காலைத் தொட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்த அன்னிக்கே பாத்துட்டா, பாருங்க..." என்றாள்.