சரிவில் நின்ற வண்டியும் ஒரு புளியங்கட்டையும்

“டஸ்டர் இப்ப நிக்குது சார். அது நெசமாவே நிக்குதா, இல்ல இன்னும் கெளம்பலையா? பாத்தா எப்படித் தெரியும்?”

பல வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டது. பலகையைச் சாய்த்து, அதன் மேல் டஸ்டரை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கோணத்தை அளந்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தப் பதில் போதாது என்று எனக்குப் புரிந்தது போன நவம்பரில், சித்தையன்கோட்டைக்கு மேற்கே ஒரு தோட்டப் பாதையில்.

ஓய்வு பெற்றதும் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தொட்டி, நான்கு சக்கர இழுவை உண்டு. கம்பெனியில் வந்தபடியே இருக்கிற வண்டி. நான் மாற்றியது டயர்களை மட்டும்தான். பின்னால் ஒரு இழுவைக் கொக்கியும் சேர்த்தேன். ஒரு வருடமாக அந்த நான்கு சக்கர லிவரைத் தொட்டதே இல்லை. என் மனைவி ஸ்டெல்லா கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாள்: “அகரத்துக்குப் போயி கத்தரிக்கா வாங்கியாரதுக்கு நாலு சக்கரமும் சுத்தணுமாக்கும்?”

என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு மலைச்சரிவில் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. பட்டா நிலம், வனத்துறை எல்லைக்குள் வராது. அடிவாரக் கேட்டிலிருந்து மேல் கொட்டகை வரை ஏழு கிலோமீட்டர் கல்பாதை. தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் பாண்டியை முன்னால் அனுப்புவதாகச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 5.40-க்கு திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

சித்தையன்கோட்டைக்கு 24 கிலோமீட்டர், 6.25-க்குச் சேர்ந்தோம். இருவருக்கும் இட்லி, டீ 90 ரூபாய். அங்கே ஜீப்போடு காத்திருந்த பாண்டிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்; கல்லில் பிடிப்பு கிடைக்க, டயர் காற்றை 32-லிருந்து 22-க்கு இறக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

“கட்டை எங்க சார்?”

“கைபிரேக் நல்லாப் பிடிக்குமே” என்றேன்.

“பிடிக்கும் சார். பிடிக்காத அன்னைக்கு?”

அவருடைய ஜீப்பிலிருந்து முக்கோணமாகச் செதுக்கிய ஒரு புளியங்கட்டையை எடுத்துவந்தார். அதில் நாலு முழக் கயிறு கட்டியிருந்தது. என்னிடம் தரவில்லை, ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். “சாருக்கு ஓட்டுற வேல இருக்கும்மா. வண்டி ஏத்தத்துல நின்னா நீங்க எறங்கி, ஓரமா நின்னு, கயித்தப் புடிச்சு இத டயருக்குப் பின்னாடி விடணும். சக்கரத்துக்கு நேர மட்டும் நின்றாதீங்க. அம்புட்டுதான்.”

முதல் மூன்று கிலோமீட்டர் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஓர் ஓடையைக் கடந்தோம். தண்ணீர் அரைச் சக்கர உயரம். ஸ்டெல்லா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, “கைக்கொழந்த மாதிரி இருக்குது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

நான்காவது கிலோமீட்டரில் கல்லேற்றம். படிப்படியாகப் பாறை, நூறு மீட்டர் நீளம். வலது பக்கம் மண்சுவர், இடது பக்கம் பள்ளம். கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. “அடியிலயே லோ போட்டுட்டு ஏறுங்க சார்” என்று சொல்லிவிட்டு, பாண்டி ஜீப்பில் முன்னால் ஏறி வளைவில் மறைந்தார். லோ என்பது, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நான்கு சக்கரச் சின்ன லிவரின் வேலை: வண்டி மெதுவாகப் போகும், ஆனால் பலமாக இழுக்கும். அதுவரை அதே லிவரின் சாதாரண வேக நிலையான ஹையிலேயே வந்துவிட்டதால் இதையும் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். இது என் முதல் தவறு.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் திணறி அணைந்தது. கிளட்ச் கருகும் வாடை. பிரேக்கை மிதித்துக்கொண்டு கைபிரேக்கை இழுத்தேன். “நான் எறங்குறேங்க” என்று கட்டையோடு இறங்கிப் பின்னால் போனாள் ஸ்டெல்லா. பக்கக் கண்ணாடியில் அவளுடைய நீலச் சேலை தெரிந்தது. அதற்குள் சின்ன லிவரை ஹையிலிருந்து லோவுக்குத் தள்ளினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். லோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, சமவெளியில் ஓட்டும் நாம் எல்லோரும் தெருவில் செய்வதையே செய்தேன்: வண்டியை முதல் கியரில் போட்டு, கியர் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, எட்டிப் பார்ப்பதற்காகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஒரு விநாடி நின்றது. பிறகு பின்னால் போனது.

மறுபடி மிதித்தேன். அடியில் ஏதோ இடித்தது. வண்டி நின்றது. கண்ணாடியில் நீலச் சேலை இல்லை.

“ஸ்டெல்லா!”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. காலை எடுத்தால் வண்டி நகரும். எடுக்காவிட்டால் இறங்கிப் போய் அவளைப் பார்க்க முடியாது. அவள் சக்கரத்துக்கு அடியில் இருந்தால் அரை அடி கூட நகரக் கூடாது. வலது காலை இரண்டு கைகளாலும் பெடலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் சொல்ல நினைத்தேன். முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை.

கதவை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். மண்சுவரோடு ஒட்டியபடியே நகர்ந்து வந்திருந்தாள். கையில் கயிற்றின் நுனி. வாய் அசைந்தது, கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை.

“மிதிச்ச கால எடுத்துராதீங்க” என்றாள். அப்புறம், “நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எடுத்துராதீங்க.”

ஹார்னை அடித்தேன். பாண்டி ஓடிவந்தார். பின்சக்கரத்துக்குப் பெரிய கல் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார்.

“சார், சின்ன லிவர் நடுவுல நிக்குது பாருங்க.”

ஹைக்கும் லோவுக்கும் இடையில் நியூட்ரல் என்று ஓர் இடம் இருக்கிறது. உள்ளே பற்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் லிவர் அங்கேயே நின்றுவிடும். சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரத்துக்கு அது தெரியாது. என் முதல் கியர் அப்படித்தான் இருந்தது. கைபிரேக்கும் ஓடைத் தண்ணீரில் நனைந்திருந்தது. அதன் கேபிள் தளர்ந்திருந்ததைப் பிறகு மெக்கானிக் காட்டினார். வண்டி இரண்டடிதான் உருண்டது; அடியில் இடித்தது ஸ்டெல்லா விட்ட கட்டைதான். பின்னால் பாதை வளைகிறது; வண்டி வளைந்திருக்காது.

பாண்டி சொன்னபடி, பிரேக்கை விடாமல் எஞ்சினைக் கிளப்பி லிவரை மீண்டும் தள்ளினேன். இந்த முறை லோ முழுதாக விழுந்தது. வண்டி ஆமை போல ஏறியது. ஸ்டெல்லா ஏறவில்லை. மீதி ஏற்றத்தை நடந்தே வந்தாள். “சாரு பாடம் எடுக்கையிலதான் பயமில்லாத ஆளு போல” என்றார் பாண்டி, அவளைச் சிரிக்க வைக்க. அவள் சிரிக்கவில்லை. கட்டையை அவர் வாங்கப் போனபோதும் கொடுக்கவில்லை.

கொட்டகைக்கு 9.50-க்குச் சேர்ந்தோம். காட்சி நன்றாக இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. இறங்க ஒரு மணி பத்து நிமிடம், முழுக்க லோ, முதல் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு கல்லுக்கும் என் கால் பிரேக்குக்கே போனது. கல்லேற்றத்தை அவள் மறுபடியும் நடந்தே கடந்தாள். மொத்தம் 68 கிலோமீட்டர், ஒன்பது லிட்டர் டீசல், பாண்டிக்கு 1,500 ரூபாய். அதற்கு மேல் கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். பாதை தெரிந்தவர் இல்லாமல் போகாதீர்கள். ஏற்றத்துக்கு முன்பே, சமதளத்தில் நின்று, லோ போடுங்கள். தண்ணீரைக் கடந்த பின் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து உலர்த்துங்கள். கயிறு கட்டிய கட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள். கயிறு நீளமாக இருக்கட்டும்.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில், சின்ன லிவரை நடுவில் நிறுத்தி, கைபிரேக்கை இறக்கி, நடந்ததை ஸ்டெல்லாவுக்குச் செய்து காட்டினேன். அவள் ஒரே ஓர் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். முதல் கியரில் இருந்த வண்டி நகர்ந்தது. கையை எடுத்து, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இதையா நம்பி நின்னோம்?” என்றாள். அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: பார்த்தால் தெரியாதும்மா, தள்ளித்தான் பார்க்கணும்.

நீங்களும் சமதளத்தில் எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் ஓர் அடி தள்ளிக் கட்டை வைத்து, வண்டியை முதல் கியரிலும் சின்ன லிவரை நியூட்ரலிலும் போட்டு, கைபிரேக்கை இறக்கிவிட்டு, ஒரு கையால் தள்ளிப் பாருங்கள்.